கிளீனர் பக்கத்துக் கதவு

மினி வேன் ஒன்று பார்த்து வருகிறேன் என்று காலையில் விராலிமலைக்குப் புறப்பட்டுப் போன என் கணவர், மத்தியானம் போன் செய்தார். பின்னால் ஏதோ பெரிய இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நான் கடையில் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏ புள்ள, வண்டி வாங்கிட்டேன்.”

“நெசமாவா மச்சான்? என்ன கலரு?”

இன்ஜினை அணைக்கச் சொல்லி யாரிடமோ கத்திவிட்டு வந்தார்.

“கலரா... நாலஞ்சு கலரு இருக்கு. வாரேன், வந்து பாரு.”

அவர் வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். அங்கே வேலையை முடித்துக்கொண்டு அறந்தாங்கிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தையல் கடை இருக்கிறது. அவர் சின்னதாக ஒரு சரக்கு வேன் வாங்கி உள்ளூர் வாடகைக்கு ஓட்டுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். ‘சின்னதாக’ என்பதை நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடித்த நேரம், தெருமுனையில் ஹாரன் கேட்டது. முதலில் ஒரு நீளமான மூக்கு திரும்பியது. அதன் பின்னால் கேபின் திரும்பியது. அதன் பின்னால், திரும்பிக்கொண்டே இருந்தது. இன்ஜின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பழைய மூக்கு லாரி அது. இந்தக் காலத்தில் எங்கே போனாலும் முகம் தட்டையான லாரிகள்தான். மூக்கு வைத்த லாரியை நான் கண்ணால் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் சீட்டில் என் கணவர் மாப்பிள்ளை ஊர்வலத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். முன்பக்கத்து மட்கார்டு இரண்டும் யானைக் காது மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

“ஏறிப் பாரு,” என்றார்.

கிளீனர் உட்காரும் பக்கத்துக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்ததும் கதவு மேல் கீலிலிருந்து கழன்று என் தோளில் சாய்ந்தது. அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கால் வைக்க வேண்டிய இடத்தில் எங்கள் தெருவின் சிமெண்டு தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதன் வழியாக என்னை நிமிர்ந்து பார்த்தது.

“இன்ஜினப் பாரு. ஒரே அடி, ஸ்டார்ட்டு. சேசிஸு கல்லு மாதிரி இருக்கு. தகரம் மட்டும்தான் லேசாப் போயிருக்கு.”

“லேசா?”

“லேசாத்தான்.”

கடற்கரையில் மீனும் ஐஸும் ஏற்றி ஓடிய லாரி அது. உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகச் சொட்டி, இடுப்புக்குக் கீழே இருந்ததை எல்லாம் தின்றிருக்கிறது. பிறகு விராலிமலைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் நின்றிருக்கிறது. இவர் மினி வேன் பார்க்கப் போன இடத்துக்கு எதிரில்தான் அந்த மில். எதிரில் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். ஊரோடு வந்த அந்த ஆறு மாதமும் மனுஷனுக்குப் பொழுது போகவில்லை. என் அடுப்படி டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கி வைத்தார். மஞ்சள்தூள் எங்கே என்று நான் தினம் தேடினேன். கடைக்கு வந்து ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண்களுக்கு யோசனை சொன்னார். இப்போது விடிந்ததும் லாரியிடம் போய்விடுகிறார். என் மஞ்சள்தூள் அதன் இடத்தில் இருக்கிறது. லாரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் அதிகாரியிடம் காட்டி எஃப்சி என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அதற்குக் கேபின் கேபினாக இருக்க வேண்டும். புதுக்கோட்டை ரோட்டில் ஒரு டிங்கர் பட்டறை உண்டு. நசுங்கின, துருப்பிடித்த வண்டித் தகரங்களைத் தட்டி வெட்டி ஒட்டுகிற வேலை. எங்கள் வயதுக்காரர்தான், தனியாளாகப் பட்டறை நடத்துகிறார். எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அவர் லாரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், கையால் தொடவில்லை.

“பாய், இன்ஜினையும் சேசிஸையும் வச்சுக்குவோம். மேல இருக்கிற மொத்தத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு, புதுத் தகரத்துல சதுரமா ஒரு கேபின் கட்டித் தாரேன். பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்.”

“சதுரமாவா? அப்ப மூக்கு?”

“மூக்கு எதுக்கு பாய்?”

என் கணவருக்கு அந்தக் கேள்வி பொறுக்கவில்லை. ஒரு துண்டுத் தகரத்தைக்கூட எடுக்கக் கூடாது, எங்கெங்கே ஓட்டையோ அங்கங்கே ஒட்டுப் போடுங்கள் என்றார். ஓட்டை இல்லாத இடத்தைக் காட்டுங்கள், அதில் ஒட்டுப் போடுகிறேன் என்றார் மேஸ்திரி. அன்று ஆரம்பித்த வழக்கு இரண்டு வாரம் நடந்தது. தினமும் காலையில் சண்டை போடப் போவார், மத்தியானம் சோற்றுக்கு வருவார், சாப்பிட்டுக்கொண்டே எனக்கு வழக்கைச் சொல்வார், சாயங்காலம் மறுபடி போவார். இருவரும் ஒன்றாக டீ குடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன்.

பட்டறையில் நிழலுக்கு ஒரு புங்கமரம். அதன் கீழே லாரி நின்றது. மேஸ்திரி ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்.

“தங்கச்சி, நீயே கேளு. ஒருத்தருக்கு இதே மாதிரி ஒட்டுப் போட்டுக் குடுத்தேன். ஆறு மாசத்துல உள்ள துரு ஏறி ஒட்டு வீங்கிருச்சு. சந்தையில நூறு பேரு முன்னாடி என்னய நிக்க வச்சுக் கத்துனாரு. எனக்கு வேணுமா அது?”

மேஸ்திரிக்குள் அந்தப் பயம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரின் பயம் எனக்கு முன்பே தெரியும். கதவு போச்சு, தரை போச்சு, மட்கார்டு போச்சு என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டால், வாங்கினது குப்பை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். என்னைக் கேட்காமல் வாங்கியவர் இல்லையா.

“அண்ணே, எது நல்லாருக்கு எது கெட்டுப்போச்சுன்னு தட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வந்தார். தட்டின இடத்தில் ‘டங்’ என்றால் தகரம் உயிரோடு இருக்கிறது. ‘டொப்’ என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. சத்தம் சந்தேகமாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துவார். சில இடத்தில் பல்லால் கடித்த முறுக்கு மாதிரி உதிர்ந்தது. சில இடத்தில் தகரமே இல்லை, யாரோ எப்போதோ ஓட்டையை மறைக்கப் பட்டிப் பசையை அப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க நான் என் கைப்பையிலிருந்து ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். தகரமானால் காந்தம் ஒட்டும், பட்டியானால் வழுக்கி விழும். வலது மட்கார்டில் ஒட்டியது, ஒட்டியது, ஒட்டியது, விழுந்தது. என் கணவர் ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் “பாத்தீங்களா!” என்றார். விழும்போது மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் காந்தத்தைப் பொறுக்கிக்கொண்டார். அதற்கே இவருக்குக் கோபம் வந்தது.

நான் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் நல்ல தகரம் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்டுக்கொண்டே வந்தேன். துணியில் கிழிசலை யாரும் அளப்பதில்லை. கிழிசலைச் சுற்றி ஊசி பிடிக்க நல்ல துணி எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்ப்போம். இற்றுப்போன துணியில் தைத்தால் தையலோடு பிய்ந்து வரும்.

“வெல்டிங்கும் அப்படித்தானேண்ணே?” என்றேன்.

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். “அப்படித்தான். நல்ல தகரத்துல புடிச்சா நிக்கும். அந்த ஆளுக்குப் போட்டது நல்ல தகரத்துல போடல. அவசரம்னு கேட்டாரு, துருவுக்கு மேலயே வச்சுத் தீச்சுட்டேன்.” கையில் இருந்த துருவைத் தட்டிவிட்டு, “அது என் தப்புதான்,” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் என் கணவர் கேபின் பக்கம் நடந்தார். அவரும் ஏதாவது ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் சமமாகும் என்று தோன்றியிருக்க வேண்டும். கேபினுக்குள் எட்டிப் பார்த்து, “தரை சுத்தமாப் போச்சு மேஸ்திரி. அத மாத்திருங்க,” என்றார்.

அதன் பிறகு அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. அழுகினதை வெட்டி எடுத்த பிறகு சுற்றிலும் நல்ல விளிம்பு மிஞ்சினால் ஒட்டு, மிஞ்சாவிட்டால் மாற்றம். மூக்கின் மேல்மூடியில் ஒரு பொத்தல்கூட இல்லை. அதை மேஸ்திரியே தடவிப் பார்த்து, “அந்தக் காலத்துத் தகரம், கனமாத்தான் போட்டிருக்கான்,” என்றார். மட்கார்டு இரண்டுக்கும் கீழே மட்டும் ஒட்டு. டிரைவர் கதவுக்கு அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒட்டு. தரை புதுசு. கிளீனர் பக்கத்துக் கதவுக்கு மட்டும் வழியில்லை. வெளித்தகரமும் போய், உள்ளே இருந்த சட்டமும் போய், ஜன்னல் ஓரமும் போய்விட்டது. அதைத் தூக்கி மரத்தில் சாய்த்தபோது பாதி கீழே கொட்டியது.

மற்ற வேலைகளை மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார். கதவு தேடுவது எங்கள் வேலை. மூக்கு லாரிக் கதவு வேண்டும் என்று கேட்டால் பழைய இரும்புக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்று வாரம் தேடினோம். கடைசியில் லாரி வாங்கிய மில்லிலிருந்தே ஒரு தகவல் வந்தது: நார்த்தாமலைக்குப் போகிற வழியில் ஒரு ஆட்டுப்பட்டியில் அந்த மாதிரிக் கதவு ஒன்று இருக்கிறது.

மூன்று பேரும் போனோம். கதவு இருந்தது. ஆட்டுப்பட்டியின் வாசலுக்கே அதுதான் கதவு. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக ஒரு கிடா தலையை நீட்டிக்கொண்டு, லாரியில் ஊருக்குப் போகிறதைப் போல நின்றது. என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டிக்குச் சொந்தக்காரி ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“தர முடியாதுங்க. ஆட்டுக்கு அது பழகிப்போச்சு. வேற கதவு வச்சா உள்ளார போக மாட்டேங்கும்.”

“விலைக்குத்தாம்மா கேக்குறோம்,” என்றார் என் கணவர்.

“வெலைய வச்சு என்ன செய்ய? சாயங்காலம் ஆட்ட எதுல அடைக்கிறது? ஒங்க துட்டக் குறுக்க வச்சா நிக்குமா?”

மேஸ்திரி அதற்குள் பட்டிக்குள் போய்விட்டார். கதவைத் தட்டினார். மேலே ‘டங்’. ஜன்னல் ஓரம் ‘டங்’. கீல் இரண்டும் அசையவில்லை. கீழே ‘டொப்’. ஆட்டு மூத்திரத்தில் அடிப்பாகம் அழுகியிருந்தது. இருந்தாலும் சட்டம் உறுதி. சுற்றிலும் நல்ல விளிம்பு இருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“ஏம்மா, இதே அளவுல, இதே மாதிரி ஜன்னல் வச்சு, புதுசா ஒரு கதவு செஞ்சு கொண்டாந்து மாட்டித் தாரேன். கொக்கி போட்டு. அப்பக் குடுப்பீங்களா?”

அந்த அம்மா யோசித்தார். “ஜன்னலு இதே ஒசரத்துல இருக்கணும். கெடா எட்டிப் பாக்கணும், இல்லாட்டி கத்தும்.”

“இருக்கும்.”

“கொக்கி வெளிய மட்டும் இல்ல, உள்ளயும் வேணும். நான் உள்ளார கூட்டும்போது அந்தக் கெடாப்பய தள்ளிக்கிட்டு ஓடிருவான்.”

நான் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து ஆட்டுப்பட்டிக் கதவுக்கு அளவெடுத்தேன். கிடா டேப்பின் நுனியைத் தின்னப் பார்த்தது. அடுத்த வாரமே மேஸ்திரி புதுக் கதவைக் கொண்டுபோய் மாட்டினார். துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடித்து, சாய்ந்துபோகாமல் குறுக்குப் பட்டை வைத்து, அருமையாகச் செய்திருந்தார். லாரியின் மொத்தத்தையும் புதுசாகக் கட்ட ஆசைப்பட்ட மனுஷன் அந்த ஆசையை எல்லாம் ஆட்டுப்பட்டிக் கதவில் தீர்த்துக்கொண்டார். நாங்கள் பழைய கதவைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஆடுகள் புதுக் கதவு வழியாக ஒரு தயக்கமும் இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“பழகிப்போச்சுன்னாங்க?” என்றார் என் கணவர்.

“அதுகளுக்கு என்னங்க தெரியும்,” என்றார் அந்த அம்மா, கொக்கியைப் போட்டுப் பார்த்தபடி.

இனி அந்தக் கதவின் அடிப்பாகத்துக்குப் புதுத் தகரம் வெட்ட வேண்டும். அழுகிப்போனதால் பழைய வடிவம் தெரியவில்லை. மேஸ்திரி கண் பார்வையில் வெட்டுகிறேன் என்றார். நான் தடுத்தேன். டிரைவர் கதவின் மேல் பிரவுன் பேப்பரை ஒட்டி, விளிம்பெல்லாம் நகத்தால் அழுத்தி, வடிவத்தை அப்படியே எடுத்தேன். ரவிக்கையில் வலது கைக்கு வெட்டின பேப்பரைப் புரட்டிப் போட்டால் இடது கை. கதவும் அப்படித்தானே.

மேஸ்திரி பேப்பரைப் புரட்டித் தகரத்தில் வைத்து, கோட்டின் மேலேயே சரியாக வெட்டினார். கதவில் பொருத்தியபோது அழகாக உட்கார்ந்தது. ஆனால் வெளித்தகரம் சட்டத்தைச் சுற்றி உள்பக்கம் மடிய வேண்டும். மடிக்க ஒரு நூல்கூட மிச்சம் இல்லை.

“மடிப்புக்கு விடலையாண்ணே?” என்றேன்.

“நீ பேப்பர்ல விட்டிருப்பன்னு நெனச்சேன்.”

“நீங்க வெட்டும்போது விடுவீங்கன்னு நான் நெனச்சேன்.”

என் கணவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை அளவிட முடியாது. ஒரு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குப் பாடம் நடத்தினோமே. “நல்ல டெய்லரு, நல்ல டிங்கரு,” என்று சொல்லிக்கொண்டே போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தார்.

இரண்டாவது தகரத்தில் சுற்றிலும் அரை அங்குலம் விட்டேன். கதவின் வயிறு லேசாகப் புடைத்திருக்கும். ரவிக்கையில் புடைப்புக்கு மடித்துத் தைப்போமே, அது மாதிரி டாட் பிடிக்க வேண்டுமா என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். “துணிதான் தங்கச்சி நீளாது. தகரம் நீளும்.” மணல் மூட்டையின் மேல் தகரத்தை வைத்து மரச் சுத்தியலால் உள்பக்கமாகத் தட்டினார். தட்டத் தட்டத் தகரம் இளகி, வளைந்து, கதவின் வயிற்றுக்கு வந்துவிட்டது. முப்பது வருடமாகத் தைக்கிறேன், துணி ஒரு நாளும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கதவை மாட்டிய அன்று என் கணவர் அதை மெதுவாகத் தள்ளினார். ‘க்ளிக்’ என்று மூடியது. திறந்தார், மூடினார். நான் திறந்து மூடினேன். மேஸ்திரியும் ஒரு தடவை. பக்கத்துக் கடைக்காரர் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து, அவரும் ஒரு தடவை மூடிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெயிண்ட் முழுக்க ஒரே கலர், கரும்பச்சை. எஃப்சிக்குப் போன நாளில் நானும் கூடப் போனேன். ஒட்டுப் போட்டதையெல்லாம் அதிகாரி தட்டிப் பார்ப்பார் என்று என் கணவர் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே வந்தார். அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார். கதவுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருக்குப் பெரிய ஏமாற்றம். “சார், இந்தக் கதவு...” என்று ஆரம்பித்தார். நான் முழங்கையால் இடித்தேன்.

வண்டி ஓட ஆரம்பித்தது. தேங்காய், வைக்கோல், கீற்று என்று ஏதாவது ஏற்றுவார். இரண்டு கல்யாணத்துக்குப் பூ சுற்றி மாப்பிள்ளையையும் ஏற்றினார். ஐப்பசி மழை வந்து இரண்டு வாரம் விடாமல் பெய்தது. மழை விட்டதும் வண்டியைத் துடைத்தவர், துணியைக் கையில் பிடித்தபடி வந்து வாசலில் நின்றார். முகம் சரியில்லை. போய்ப் பார்த்தேன். இடது மட்கார்டு ஒட்டின் ஓரத்தில் பெயிண்ட் ஒரு பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது.

“மேஸ்திரிகிட்ட சொல்லாத. மனசு விட்டுருவாரு,” என்றார்.

நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே மேஸ்திரி வந்துவிட்டார், சுத்தியலும் காந்தமுமாக. கீழே படுத்து மட்கார்டின் உள்பக்கத்தைப் பார்த்தார். வெல்டிங் அப்படியே இருந்தது. உள்பக்கம் ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் படாமல் விட்டுப்போயிருந்தது. அங்கே சேறு அடைந்து ஈரம் கோத்துக்கொண்டது, அவ்வளவுதான். வீங்கினதைச் சுரண்டிவிட்டு, உள்ளேயும் வெளியேயும் ரெட் ஆக்சைடு அடித்தார். ஒரு மணி நேர வேலை.

“ஒட்டு வேணாம்னு அப்பவே சொன்னேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்,” என்றார் என் கணவர்.

“ஒட்டு நின்னுருச்சே பாய்,” என்றார் மேஸ்திரி, கையைத் துடைத்துக்கொண்டே. அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “அடுப்புல என்ன, தாளிச்சாவா? வாசம் வருது.”

பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து இவர் வந்ததும் இருவருக்கும் நெய்ச்சோறும் தாளிச்சாக் குழம்பும் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் லாரியின் பின்பக்கத்துப் பலகைகளை மாற்றுவதா, இருப்பதையே தட்டி முடுக்குவதா என்று ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை மாற்றச் சொன்னது என் கணவர். எனக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் நிறைய இருந்தன. ரசம் வைத்த பாத்திரத்தை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுக் கடைக்குப் போனேன்.